கருமுட்டை ஏன் ஒன்று, விந்தணு ஏன் நான்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்தாலும் பிள்ளைகள் உடனே கிளம்ப மாட்டார்கள். மெட்ரிக் எழுதப் போகிறவர்கள் லைஃப் சயின்சஸ் புத்தகத்தை என் முன்னால் நீட்டுவார்கள். ஓய்வு பெறும் வரை பள்ளியில் நான் நடத்தியது அந்தப் பாடம்தான். பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஆயாக்களும் பக்கத்தில் நின்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், ஆயாக்கள் கேட்பவைதான் பல நேரம் சிக்கலான கேள்விகள். திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். உடம்பில் உள்ள செல்களில், மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். மனிதனுக்கு 23 ஜோடி, ஆக 46. விந்தணுவிலும் கருமுட்டையிலும் ஜோடிக்கு ஒன்று வீதம் 23தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கை இரட்டிப்பாகிக்கொண்டே போகும். இப்படிப் பாதியாக்கும் பிரிவுக்குக் குன்றல் பகுப்பு என்று பெயர். குரோமோசோம்கள் ஒரு தடவை நகலெடுக்கப்படும். செல் இரண்டு தடவை பிரியும்.

பூசைக்கு வாங்கிய கோழியை அறுத்தபோது வயிற்றுக்குள் மஞ்சள் குலை இருந்ததே, அது என்ன?

ஆடி மாதக் கூழ் பூசை முடிந்த வாரத்தில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். அந்தச் சமயத்தில் பக்கி என்ற சிறு சரக்கு வண்டியில் உயிரோடு கொண்டுவந்து விற்கும் கோழிகளில் முட்டைப் பண்ணையில் வயதாகிப்போனவை நிறைய. அப்படி ஒன்றை அறுத்தால் முதுகெலும்பை ஒட்டி இடப்பக்கத்தில் திராட்சைக் குலை மாதிரி ஒன்று தொங்கும். அதுதான் சூலகம். வலப்பக்கம் தேடாதீர்கள். கோழிக்கு வலது சூலகம் முட்டைக்குள் இருக்கும்போதே வளராமல் நின்றுவிடும்.

குலையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பெரியது, நாம் உடைத்து ஊற்றும் மஞ்சள் கரு அளவுக்கே இருக்கும். அடுத்தது சற்றுச் சிறியது, அதற்கடுத்தது இன்னும் சிறியது என்று ஐந்தாறு உருண்டைகள் படிக்கட்டு போல இருக்கும். முதலாவது அடுத்து இடப்போகும் முட்டைக்கு, இரண்டாவது அதற்கடுத்த முட்டைக்கு. அவற்றுக்கு அடியில் கடுகளவிலும் குண்டூசித் தலை அளவிலும் வெளிறிய மணிகள் எக்கச்சக்கமாக ஒட்டியிருக்கும். அந்த உருண்டைகள் ஒவ்வொன்றிலும் இருக்கும் மஞ்சள் ஒரே ஒரு செல். ஆமாம், அவ்வளவு பெரிய மஞ்சளும் ஒரே செல்தான்.

மஞ்சளைக் கோழியின் சூலகம் சமைப்பதில்லை. ஈரல் அதைத் தயாரித்து இரத்தத்தில் அனுப்புகிறது, முட்டைச் செல் அதை உறிஞ்சி வீங்குகிறது. உருண்டையின் தோலில் சிவப்பு நரம்பு போல ஓடும் இரத்தக் குழாய்கள் அதற்காகத்தான். கடுகளவில் பல மாதம் சும்மா கிடந்த செல், இடுவதற்கு முந்தைய ஏழெட்டு நாளில்தான் இப்படித் திடுதிடுவென்று பெருக்கிறது.

சேவலை அறுத்திருந்தால் அதே இடத்தில் அவரைக்கொட்டை வடிவில் வெளிறிய உறுப்புகள் இரண்டு இருந்திருக்கும், அவைதான் விந்தகங்கள். வெட்டினால் பால் மாதிரிக் கசியும். அதற்குள் கோடிக்கணக்கான செல்கள், ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பாடத்தில் உள்ள வித்தியாசம் முழுவதும் இந்த இரண்டு காட்சிகளில் இருக்கிறது. இனி வரும் பதில்கள் எல்லாம் அதன் விரிவுதான்.

ஒரு செல்லிலிருந்து விந்தணு நான்கு வருகிறது, கருமுட்டை மட்டும் ஏன் ஒன்று? மற்ற மூன்றும் வீணா?

மெட்ரிக் பிள்ளைகள் 'வீண்' என்று எழுதும்போது எனக்குக் கோபம் வரும். வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடே.

இரண்டு பக்கமும் தொடக்கம் ஒன்றுதான். ஜோடிக் குரோமோசோம்கள் கொண்ட ஒரு செல் இரண்டு முறை பிரிகிறது. கணக்குப்படி நான்கு பங்கு. விந்தகத்தில் நான்கு பங்கும் சமம். சூலகத்தில் குரோமோசோம்கள் மட்டும் சமமாகப் போகின்றன. உணவும் சைட்டோபிளாசமும் (செல்லுக்குள் நிறைந்திருக்கும் கூழ்) அப்படியே ஒரே செல்லிடம் தங்கிவிடுகின்றன. நான்கு வாரிசுகள் இருக்கும் வீட்டில் பத்திரத்தின் நகலை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அரிசிப் பானையோடு சமையலறையை ஒருத்தியிடம் மட்டும் விட்டது போல. பத்திரம் மட்டும் கிடைத்தவர்கள் துருவ செல்கள். பெரிய செல்லின் ஓரத்தில் சின்னக் குமிழ் போல ஒட்டியிருந்து, சில நாளில் சிதைந்துபோவார்கள்.

ஏன் இப்படி? கரு உருவான பிறகு முதல் சில நாட்களுக்கு வெளியிலிருந்து எதுவும் வராது. கட்டளைகள், புரதங்கள், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா எல்லாம் முட்டையில் ஏற்கெனவே இருந்தவைதான். அந்தக் கட்டுச்சோற்றை நான்காகப் பிரித்திருந்தால் நான்குமே பாதி வழியில் பட்டினி. மனிதக் கருமுட்டை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், பார்வை கூர்மையானவர்களுக்குத் தூசி அளவில் தெரியும். விந்தணுவின் தலை அதில் இருபதில் ஒரு பங்கு நீளம்கூட வராது. அதன் வேலை பத்திரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும். அதனால் எண்ணிக்கை பெருகுவதும் சுமை குறைவதும் அதற்கு லாபம்.

இரண்டும் ஒரே பிரிவின் இரண்டு வடிவங்கள் என்பதை 1890ல் ஜெர்மானிய விலங்கியலாளர் ஆஸ்கர் ஹெர்ட்விக் காட்டினார். குதிரைக் குடலில் வாழும் உருளைப்புழுவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அந்தப் புழுவில் குரோமோசோம்கள் பெரியவை, எண்ணிக்கையும் மிகக் குறைவு. எண்ணுவதற்கு அதைவிட வசதியான பிராணி கிடைக்காது.

துருவ செல் இரண்டா, மூன்றா?

முதல் பிரிவில் ஒன்று, இரண்டாம் பிரிவில் ஒன்று. முதலில் வந்தது தானும் ஒருமுறை பிரிந்தால் மொத்தம் மூன்று. மனிதரில் அது பெரும்பாலும் பிரிவதில்லை, அதனால் நடப்பில் இரண்டு. தேர்வில் கேட்கும் படத்தில் மூன்று போட்டிருந்தால் மூன்றையே எழுதுங்கள், சண்டை போடாதீர்கள்.

பெண் குழந்தை தன் முட்டைகளோடுதான் பிறக்கிறது என்கிறார்களே, உண்மையா?

மனிதரில் உண்மை. முட்டையாகப் போகும் செல்கள் தாயின் வயிற்றிலேயே பெருகி முடிந்துவிடும். ஐந்தாம் மாதக் கருவில் அவை 60 அல்லது 70 லட்சம். அதன் பிறகு இறங்குமுகம்தான். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பூப்படையும்போது 3 லட்சம் அல்லது 4 லட்சம். அவற்றில் வெளியே வருபவை வாழ்நாள் முழுக்க 400 அல்லது 500.

எண்ணிக்கையைவிட எனக்கு வியப்பு, அவை காத்திருக்கும் விதம். பிறப்பதற்கு முன்பே அந்தச் செல்கள் குன்றல் பகுப்பைத் தொடங்கிவிடுகின்றன. குரோமோசோம் ஜோடிகள் ஒன்றையொன்று தழுவி, துண்டுகளை மாற்றிக்கொண்டு, பிரியத் தயாராக நிற்கும் இடத்தில் அப்படியே உறைந்துபோகின்றன. பிறகு வருடக்கணக்கில் ஒன்றும் நடக்காது. ஒரு மாதத்தில் அந்தச் செல்லின் முறை வந்து, மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து ஹார்மோன் அலை எழுந்தால், முதல் பிரிவு முடிந்து துருவ செல் ஒன்று வெளியேறும். இரண்டாம் பிரிவு தொடங்கி மறுபடியும் பாதியில் நிற்கும். விந்தணு உள்ளே நுழைந்தால்தான் அதுவும் முடியும். நுழையாவிட்டால் கடைசிவரை முடியாமலே போய்விடும். ஆகவே முழுமையடைந்த கருமுட்டை என்ற ஒன்று, விந்தணு வராத வரை மனித உடலில் கிடையாது!

என் கணக்கையே சொல்கிறேன். அம்மா பிறந்தது 1938ல், அழிந்துபோனதாக நினைத்த சீலகாந்த் மீன் நம் நாட்டுக் கிழக்கு லண்டன் கடலில் பிடிபட்ட அதே வருடம். நான் பிறந்தது 1962ல். நான் உருவான முட்டைச் செல் அம்மா பிறப்பதற்கு முன்பே பிரியத் தொடங்கி, இருபத்து மூன்று வருடம் பாதியில் நின்றிருக்கிறது. அப்பா பக்கத்து விந்தணுவுக்கு வயது மூன்று மாதத்துக்கு மேல் இருந்திருக்காது.

ஒரு விந்தணு தயாராக எத்தனை நாள்?

மனிதரில் ஏறக்குறைய 74 நாள். காளைக்கு 61, ஆட்டுக்கடாவுக்கு 48, சுண்டெலிக்கு 35. அதன் பிறகு விந்தகத்தை ஒட்டிய நீளமான சுருள் குழாயில் சில நாள் கிடந்து நீந்தப் பழக வேண்டும்.

பருவம் வரும் வரை இங்கே குன்றல் பகுப்பே நடக்காது. வந்த பிறகு நிற்காது. அதற்குக் காரணம் மூலச் செல்கள். ஒரு மூலச் செல் இரண்டாகப் பிரிந்து, ஒன்று தன் இடத்திலேயே இருக்க, மற்றது வரிசையில் இறங்கும். முதலில் இருந்த கையிருப்பு குறையவே குறையாது. வாழைக்குக் கன்று போல. ஆரோக்கியமான ஓர் ஆணின் உடலில் வினாடிக்கு ஆயிரம் விந்தணு என்ற வேகத்தில் வேலை நடக்கிறது.

விந்தகத்தின் நுண்குழாய்ச் சுவரில் செர்டோலி செல்கள் என்ற உயரமான செல்கள் நிற்கும். 1865ல் இத்தாலியர் என்ரிக்கோ செர்டோலி கண்டு எழுதியவை. இளம் செல்கள் அவற்றின் மடியில் ஒட்டிக்கொண்டே மெல்ல மெல்லக் குழாயின் நடுப்பக்கம் நகரும். ஒரே மூலச் செல்லின் வழிவந்தவை முழுசாகப் பிரிவதும் இல்லை. சின்னச் சின்ன இணைப்புகளால் கோத்த மாலை போலவே வளரும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் எக்ஸ், ஒய். ஒய் குரோமோசோம் கிடைத்த செல்லுக்கு எக்ஸ் கிடையாது, ஆனால் எக்ஸில் இருக்கும் பல மரபணுக்கள் எல்லோருக்கும் தேவை. பக்கத்துச் செல்லிலிருந்து இணைப்பு வழியாக அது வந்துவிடுகிறது. பொதுக் கிணறு மாதிரி.

ஆடு வளர்க்கிறவர்களுக்கு ஒன்று: கடாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தால், அந்த வாரம் விந்து நன்றாகவே இருக்கலாம். குறை சில வாரம் கழித்துத்தான் தெரியும், ஏனென்றால் காய்ச்சலின்போது பிரிந்துகொண்டிருந்த செல்கள் அப்போதுதான் வெளியே வருகின்றன. ஜனவரி வெயிலில் கண்டதற்கு மார்ச்சில் பலன். வாங்கும்போது ஆரோக்கியமாகத் தெரிந்த கடாவை நம்பிப் பணம் கொடுத்து, இரண்டு மாதம் ஒரு பெட்டையும் சினைப்படாமல் முழித்த என் மைத்துனருக்கு இது பிறகுதான் புரிந்தது.

நான்கு செல் வந்தவுடன் நான்கு விந்தணு ஆகிவிடுமா?

இல்லை. பிள்ளைகள் மதிப்பெண் இழக்கும் இடம் இது. குன்றல் பகுப்பு முடிந்தவுடன் வருபவை வால் இல்லாத உருண்டைச் செல்கள். அவை பிரியாமலே உருமாற வேண்டும். தலையின் முன்பக்கம் முட்டையின் உறையைக் கரைக்கும் நொதிப் பை ஒன்று தொப்பி போலப் படரும், அதற்கு அக்ரோசோம் என்று பெயர். பின்பக்கம் வால் முளைக்கும். மைட்டோகாண்ட்ரியா வாலின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். டிஎன்ஏவைச் சுற்றியிருக்கும் வழக்கமான புரதம் நீங்கி, இன்னும் இறுக்கிக் கட்டும் வேறொரு புரதம் வரும். மிஞ்சிய சைட்டோபிளாசத்தை மூட்டையாகக் கட்டிக் கழற்றிப் போட, செர்டோலி செல் அதைத் தின்றுவிடும்.

கருமுட்டையில் இந்தக் கட்டமே கிடையாது. அது பிரிவதற்கு முன்பே வளர்ந்து முடித்துவிடும். விந்தணு பிரிந்த பிறகு வடிவம் பெறுகிறது, முட்டை வடிவம் பெற்ற பிறகு பிரிகிறது. ஒப்பிடச் சொன்னால் இந்த ஒரு வரியை எழுதினாலே ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆட்டுக்கு விதை வெளியே தொங்குகிறது. சேவலுக்கு ஏன் உள்ளே?

பாலூட்டிகள் பலவற்றில் விந்தணு தயாரிப்புக்கு உடல் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவு வேண்டும். பை அதற்காகத்தான். குளிரில் சுருங்கி மேலே ஏறும், வெயிலில் தளர்ந்து இறங்கும். சேவலின் உடல் சூடு 41 டிகிரி, அந்த நெருப்புக்குள்ளேயே அதன் விந்தகம் பிரச்சினை இல்லாமல் வேலை செய்கிறது. யானைக்கும் உள்ளேதான். டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பாறைகளில் வெயில் காயும் டாசி என்ற முயலளவு பிராணிக்கும் உள்ளேதான். யானைக்கு அது தூரத்துச் சொந்தம் என்பது பார்த்தால் நம்ப முடியாத உண்மை. சூடு ஆகாது என்பது எல்லா உயிருக்கும் பொதுவான சட்டம் இல்லை என்பதற்கு இவை சாட்சி.

சேவல் இல்லாமல் கோழி முட்டை இடுமா? குஞ்சு ஆணா பெண்ணா என்பது யார் கையில்?

இடும். கடையில் வாங்கும் முட்டையெல்லாம் அப்படி வந்ததுதான். சேவலோடு ஒருமுறை சேர்ந்தால் விந்தணுவைக் கோழி தன் முட்டைக் குழாயின் மடிப்புகளில் இரண்டு வாரத்துக்கு மேல்கூடச் சேமித்து வைக்கும். சேவலை விற்ற பிறகும் அடை வைத்தது பொரிப்பது இதனால்தான்.

பால் விஷயத்தில் பறவைகள் நமக்கு நேரெதிர். மனிதரில் விந்தணு இரண்டு வகை, எக்ஸ் கொண்டது, ஒய் கொண்டது. முட்டை ஒரே வகை. கோழியில் விந்தணு ஒரே வகை, முட்டைதான் இரண்டு வகை. முதல் பிரிவில் எந்தக் குரோமோசோம் முட்டையில் தங்குகிறது, எது துருவ செல்லோடு போகிறது என்பதில் குஞ்சின் பால் முடிந்துவிடும்.

அப்படியானால் மனிதரில் பெண்ணாகவே பிறந்தால் மருமகள் குற்றமா?

கணவனின் விந்தணு எதைக் கொண்டுவந்ததோ அதுதான். அதிலும் குற்றம் என்று எதுவும் இல்லை. சபையில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

எல்லா விலங்கிலும் முட்டை அதே இடத்தில்தான் பாதியில் நிற்குமா?

நிற்காது. பாடப்புத்தகம் மனிதரை மட்டும் சொல்வதால் அது பொதுவிதி போலத் தோன்றுகிறது. நாயில், முதல் பிரிவுகூட முடியாத முட்டைதான் சூலகத்தை விட்டு வெளியே வரும். குழாயில் இரண்டு மூன்று நாள் முதிர்ந்த பிறகே கருவுறும். பூச்சிகள் பலவற்றில் முதல் பிரிவின் நடுவில் நிற்கும். கடல் முள்ளெலியோ இரண்டு பிரிவையும் முடித்துவிட்டு விந்தணுவுக்குக் காத்திருக்கும்.

கையிருப்பு தீர்ந்துபோவதும் பொதுவிதி இல்லை. பறவைகளில் குஞ்சு பொரிக்கும் சமயத்தோடு புது முட்டைச் செல் உண்டாவது நின்றுவிடும், நம்மைப் போல. தவளையிலும் மீனிலும் சூலகத்துக்குள் மூலச் செல்கள் ஆயுள் முழுக்க வேலை செய்யும். ஒவ்வொரு பருவத்துக்கும் புதுச் சினை.

தவளை என்றதும் நம் நாட்டுக் கதை ஒன்று. கேப் பக்கத்துக் குட்டைகளில் பிளாட்டன்னா என்ற நகத்தவளை உண்டு. 1930 வாக்கில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இருந்த லேன்சலாட் ஹோக்பென், மூளையடிச் சுரப்பியின் சாறை ஊசியால் ஏற்றினால் இந்தத் தவளை முட்டையிடுவதைக் கண்டார். கர்ப்பிணியின் சிறுநீரில் உள்ள ஹார்மோனும் அதே வேலையைச் செய்தது. பெண் தவளைக்கு அந்தச் சிறுநீரில் ஒரு ஊசி. சிறுநீர் கொடுத்தவள் கர்ப்பமாக இருந்தால் ஒரே நாளுக்குள் தொட்டியில் முட்டை கிடக்கும். அதற்கு முன் இருந்த சோதனையில் எலியையோ முயலையோ கொன்று சூலகத்தைப் பார்க்க வேண்டும். தவளை சாகாது, சில வாரத்தில் மறுபடியும் தயார். 1960கள் வரை பல நாட்டு மருத்துவமனைகளுக்குத் தென்னாப்பிரிக்கத் தவளைகள் கப்பலேறின. பாதியில் உறைந்து நிற்கும் முட்டையை எழுப்பும் விசை ஹார்மோன்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வேறில்லை.

தேனீயில் ஆணுக்கு அப்பா கிடையாதாமே? அப்புறம் எப்படிக் குன்றல் பகுப்பு?

இந்தக் கேள்வியைக் கேட்ட பையனுக்கு ஒரு பாட்டில் தேன் வாங்கிக் கொடுத்தேன்.

ராணித் தேனீக்கு 32 குரோமோசோம். அவள் இடும் முட்டை கருவுற்றால் பெண், கருவுறாவிட்டால் 16 குரோமோசோம் கொண்ட ஆண். ஆணிடம் ஏற்கெனவே பாதிதான் இருக்கிறது, இன்னும் பாதியாக்க முடியாது. அதனால் ஆண் தேனீயின் விந்தகத்தில் முதல் பிரிவு பெயருக்கு மட்டும்: கொஞ்சம் சைட்டோபிளாசம் குமிழாகக் கழிகிறது, குரோமோசோம் பிரிவதில்லை. இரண்டாம் பிரிவும் சமமாக நடக்காது. கடைசியில் ஒரு செல்லிலிருந்து ஒரே ஒரு விந்தணு. 'ஆண் என்றால் நான்கு' என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது ஒரு குட்டு. இன்னொரு தலைகீழ்: கூட்டுப்புழு நிலையிலேயே அவனுடைய விந்தணு தயாரிப்பு முடிந்துவிடும். இங்கே கையிருப்போடு பிறப்பது ஆண்.

நம் கேப் தேனீ இதையும் தாண்டியது. மற்ற இனங்களில் வேலைக்காரத் தேனீ எப்போதாவது முட்டையிட்டால் ஆண்தான் வரும். கேப் தேனீயில் வேலைக்காரி தனியாக இடும் முட்டையிலிருந்து பெண் வருகிறது! பூச்சிகளில் துருவ செல்லின் உட்கருக்கள் (குரோமோசோம்கள் இருக்கும் பைகள்) வெளியேறாமல் முட்டைக்குள்ளேயே தங்கும். அப்படிக் கழிய வேண்டிய உட்கருக்களில் ஒன்று முட்டையின் உட்கருவோடு இணைந்துவிடுகிறது, விந்தணுவின் இடத்தைப் பிடித்தாற்போல. 16ம் 16ம் மீண்டும் 32. 'மூன்றும் வீணா' என்ற கேள்விக்கு இங்கே வேறு பதில்.

இதனால் நாட்டில் ஒரு பெரும் நஷ்டமும் வந்தது. 1990ல் தேனீ வளர்ப்பவர்கள் கேப் கூடுகளை வடக்கே கொண்டுபோனார்கள். அங்கிருந்த ஆப்பிரிக்கத் தேனீக் கூடுகளுக்குள் கேப் வேலைக்காரிகள் நுழைந்து, வேலை செய்யாமல் தங்களைப் போன்ற பெண்களையே பெற்றுப் பெருகின. உழைக்க ஆளில்லாமல் கூடுகள் கூண்டோடு அழிந்தன.

ஸ்லிங்கர் மீன் முதலில் பெண், பிறகு ஆண் என்கிறார்களே, அது எப்படி முடியும்?

டர்பனில் ஸ்லிங்கர் வறுவல் சாப்பிடாத தமிழ் வீடு உண்டா? சிறியதாக வாங்கினால் வயிற்றில் சினை இருக்கும். பெரிதாக வளர்ந்ததில் வெள்ளையாக, மெத்தென்று ஒன்று இருக்கும், அது ஆணின் பாலுறுப்பு. இரண்டும் ஒரே மீனின் இரண்டு வயதுகள்.

முட்டை, விந்து இரண்டுக்கும் தொடக்கச் செல் ஒன்றே என்று முன்பு சொன்னேன் அல்லவா? மீன்களில் அந்த மூலச் செல் எந்தப் பக்கமும் போகக்கூடியது. சுற்றியிருக்கும் செல்களும் ஹார்மோனும் சொல்கிறபடி நடக்கும். ஜப்பானில் மெடாக்கா என்ற சிறு மீனில், மூலச் செல்லில் ஒரே ஒரு மரபணுவை அணைத்தபோது பெண்ணின் சூலகத்துக்குள்ளேயே விந்தணு உண்டானது. ஸ்லிங்கரில் அப்படி ஒரு மாற்றம் வளர்ச்சியின் போக்கில் தானாக நடக்கிறது. பெரிய மீன்களையே குறிவைத்துப் பிடித்தால் கடலில் ஆண் குறையும். நம் மீனவர்களுக்கு இது கவலை தரும் கணக்கு.

வயது ஏறினால் யாருக்கு ஆபத்து, தாய்க்கா தந்தைக்கா?

இருவருக்கும், ஆனால் வேறு வேறு விதம். அந்த விதமே மேலே சொன்ன வித்தியாசத்திலிருந்து வருகிறது.

தாயின் முட்டைச் செல் பல வருடம் பாதியில் நின்றது. அவ்வளவு காலமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதம் பிறப்பதற்கு முன் போட்டது, புதிதாகப் பூசப்படுவதில்லை. அது தேயத் தேயப் பிரியும்போது ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ போகலாம். இப்படி ஒரு குரோமோசோம் கூடுவதால் வரும் டவுன் சின்ட்ரோமோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதுத் தாய்க்கு ஏறக்குறைய 350ல் ஒன்று, 40 வயதில் 100ல் ஒன்று.

தந்தையின் பக்கம் காத்திருப்பதில்லை, நகலெடுத்துக்கொண்டே இருக்கிறது. நகலுக்கு மேல் நகல் எடுத்தால் எழுத்துப்பிழை சேரும். புதிதாகத் தோன்றும் சிறு மரபணு மாற்றங்களில் முக்கால் பங்குக்கு மேல் தந்தை வழி வருபவை, அவருக்கு வயது ஏற ஏறக் கூடுபவை. ஊரில் பழி மட்டும் ஒரே ஆள்மேல் விழுகிறது.

மைட்டோகாண்ட்ரியா ஏன் அம்மாவிடமிருந்து மட்டும்?

முட்டையில் அவை லட்சக்கணக்கில். விந்தணு தன் நீச்சலுக்காகச் சில டஜன் கொண்டுவரும், அவற்றையும் முட்டை அடையாளம் கண்டு அழித்துவிடும்.

தேர்வில் எப்படி எழுதுவது?

வித்தியாசம் கேட்டால் அட்டவணை போடுங்கள். இடம், தொடங்கும் காலம், முடியும் காலம், எத்தனை செல், பங்கு சமமா, உருமாற்றம் உண்டா, இந்த ஆறு வரிசை போதும். ஒற்றுமையையும் கேட்பார்கள்: மூலச் செல் சாதாரணப் பிரிவால் பெருகுவது, குன்றல் பகுப்பு, துண்டு மாற்றம், பாதிக் குரோமோசோம். பள்ளிப் பாடத்தில் பூப்படைந்த பிறகு ஒரு செல் வளர்ந்து குன்றல் பகுப்பு அடைகிறது என்று சுருக்கிச் சொல்லியிருந்தால் தாளில் அதையே எழுதுங்கள். பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பல்கலைக்கழகத்தில் உதவும்.

கடைசியாக ஓர் ஆயா கேட்டது: அந்த மஞ்சள் குலையைக் கறியில் போடலாமா?

தாராளமாக. ஆனால் முதலிலேயே போட்டுக் கிளறாதீர்கள், உடைந்து மசாலாவில் கரைந்துவிடும். வயதான கோழி வேக நேரம் எடுக்கும். கறி வெந்து உருளைக்கிழங்கும் பதமான பிறகு, தீயைக் குறைத்து, உருண்டைகளை மேலாக வைத்து மூடிவிடுங்கள். பத்து நிமிடம். எங்கள் வீட்டில் பெரிய உருண்டை யாருக்கு என்று இன்றைக்கும் சண்டை நடக்கும்.